மயில் பாட்டுக்குக் கடைசி இடம்

அந்தத் தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அவரைப் பாட்டு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளைப் பார்த்து அப்பாக்களும் அப்படிக் கூப்பிட்டார்கள். அப்பாக்களைப் பார்த்துத் தபால்காரரும் கூப்பிட்டார். முறைப்படி அவரை மாமா என்று அழைக்க உரிமை உள்ள ஒரே ஆள் அவருடைய மாப்பிள்ளைதான். அந்த மனிதரோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

பாட்டு மாமாவுக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குளிக்கும்போது அவர் ஏதாவது முணுமுணுத்தால், "குழாயில ஏதோ அடைப்புப் போல இருக்கே" என்பாள் அவர் மனைவி. அவர் தொழில் சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டுவது. மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் கடை. உள்ளே சிவப்புக் கார் மாதிரி ஒரு நாற்காலி, குதிரை மாதிரி ஒன்று, தங்களைப் பெரியவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகச் சாதாரண நாற்காலி ஒன்று. காரில் ஒரு காலத்தில் ஹாரன் வேலை செய்தது. தையல்காரர் வந்து சண்டை போட்டதில் அதன் ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது.

கண்ணாடிக்கு மேலே ஒரு டிவி. அதில் நாள் முழுக்கக் கார்ட்டூன் படப் பாட்டுகள். குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற படங்கள்தான். அவற்றில் மிருகங்கள் பேசும், சட்டி பானைகள் ஆடும், யாருக்காவது மனசு கஷ்டப்பட்டால் எங்கிருந்தோ ஒரு கூட்டம் ஓடிவந்து கோரஸ் பாடும். நமக்கெல்லாம் அப்படி யார் வருகிறார்கள்?

ஆரம்பத்தில் அவர் அண்ணன் கடையில் பெரியவர்களுக்குத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் உலகத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். இவருக்கோ தலையைத் திருத்தினால் போதும். ஒருநாள் ஒரு குழந்தை கடையே இடிந்து விழுகிற மாதிரி அழுதது. அதன் அம்மா செல்போனில் ஒரு கார்ட்டூன் பாட்டைப் போட்டுக் காட்டினாள். எறும்புகள் ரயில் ஓட்டுகிற பாட்டு. அடுத்த நொடி குழந்தை பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஆகிவிட்டது. ஈ புகுந்தாலும் தெரியாத அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே அவர் முடிவு பண்ணிவிட்டார்.

"அண்ணே, நான் தனியாப் போறேன். எனக்குக் குழந்தைங்க போதும்."

"குழந்தைங்க ஷேவிங்குக்கு வர மாட்டாங்கடா. அழறதுக்கு மட்டும்தான் வருவாங்க."

"அதான் பாட்டு இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷமாகியும் அவர் ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. கத்தரி கையில் இருக்கும்போது கண் வேறெங்கும் போகக் கூடாது என்பது அண்ணன் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். பாட்டு திரையில் ஓடும். இவர் கண் பிள்ளையின் தலையில் இருக்கும். பாட்டு எப்படி இருக்கிறது என்பதைக் கழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அந்தக் கழுத்துக் கணக்குப்படிதான் அவருடைய தலைசிறந்த பாட்டுகளின் வரிசை. முதல் இடம் எறும்பு ரயிலுக்கு. ரயில் திரைக்குள்ளிருந்து நேராக நம்மைப் பார்த்து வருவதால் பிள்ளைகளின் தலை இம்மியும் அசையாது. அடுத்தது நிலாவுக்கு ஏணி போடுகிற பாட்டு. ஏணி உயர உயர மோவாயும் உயரும். நெற்றி முடியை நறுக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. திமிங்கிலம் தாலாட்டுப் பாடும்போது மோவாய் மார்பில் விழுந்துவிடும், பிடரியை முடித்துவிடலாம். குடைக்கடையில் குடைகள் ஆடும் பாட்டில் எல்லாம் இடமிருந்து வலமாகச் சுற்றுவதால், கை சுறுசுறுப்பாக இருந்தால் இரண்டு காதோரமும் ஒரே பாட்டில் முடிந்துவிடும். மெட்டு எப்படி, குரல் எப்படி, கதை என்ன என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதி. ஆனால் பாட்டைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், பெரிய வித்வான் மாதிரி விரலை மடக்கி ஆரம்பித்துவிடுவார்.

வரிசையில் கடைசி இடம் மயில் பாட்டுக்கு. ஊர்வலத்துக்கு முந்தின நாள் தோகை முழுக்க உதிர்ந்துபோன ஒரு மயிலைப் பற்றிய பாட்டு அது. அந்த இறகுகள் உதிர ஆரம்பித்ததும், நாற்காலியில் இருக்கிற பிள்ளை, ஆணோ பெண்ணோ, தனக்கும் ஏதாவது உதிர்ந்துவிட்டதா என்று சட்டென்று பின்னால் திரும்பிப் பார்க்கும். அப்படித் திரும்பியதில்தான் மருந்துக் கடைக்காரர் மகன் தலையில் காதுக்கு மேலே கத்தரி தவறி ஒரு படிக்கட்டு விழுந்தது. மருந்துக் கடைக்காரர் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அத்தோடு மயில் பாட்டுக்குக் கடையில் தடை, வீட்டிலும் தடை. அதன் பேச்சை எடுத்தாலே மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாமாவுக்குத் தலை முழு வழுக்கை. புதிதாக வருகிற பிள்ளைகள் அதையே பார்க்கும். அவர் குனிந்து காட்டி, "என்ன பாக்கிற? எனக்கு நானே வெட்டிக்கிட்டேன். போன முடி போனதுதான், திரும்பி வரவே இல்ல!" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மாக்களும் சிரிப்பார்கள். வீட்டிலும் சாப்பிடும்போது அதையே சொல்வார். மனைவி மட்டும், "இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே முடி கொட்டிடும்" என்பாள்.

அந்த வீட்டு மாடியில்தான் மகளும் மாப்பிள்ளையும் குடியிருந்தார்கள். அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு வீட்டுப் பெயர் வாலு. மூன்றரை வயது. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், ஒரு பொருளை வைத்த இடத்தில் இருக்க விடமாட்டாள், பேச ஆரம்பித்தால் வக்கீல் தோற்றுவிடுவார். தாத்தாவுக்கு உயிரே அவள்தான். அவளுக்கும் தாத்தா சொன்னால் அதுதான் சட்டம்.

குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் முடியை வெட்டியது அவர் கைதான். அண்ணன் பிள்ளைகள், மனைவியின் தங்கை பிள்ளைகள், சொந்த மகள் எல்லோருக்கும் அப்படித்தான். வாலு தலையில் மட்டும் இன்னும் கத்தரி படவில்லை. கத்தரியை எடுத்தாலே இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வீடு அதிரக் கத்துவாள். முடி கண்ணை மறைத்து, கன்னத்தில் ஒட்டி, சாப்பிடும்போது வாய்க்குள்ளும் போனது. தையல்காரருக்கு இது போதாதா? "மாமா, உங்க பேத்தி தலையையே கடை வாசல்ல போர்டா மாட்டிடலாம்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊர். வாலுவை அங்கேதான் பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள். சாமான் கட்டிக்கொண்டே மகள் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"முடியை விடுங்கப்பா. அங்க போய் ஏதாவது ஒரு கடையில வெட்டிக்கிறோம்."

ஏதாவது ஒரு கடையில். பாட்டு மாமாவுக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் தலையெல்லாம் தன் கைக்கு அடங்கியிருக்கும்போது, சொந்தப் பேத்தி தலையை எவனோ ஒருவன் தொடுவதா? போவதற்கு முன்னால் வாலுவின் முதல் முடியைத் தானே வெட்டிவிட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், சரி. இதையாவது விட்டுவிட்டுப் போகட்டும்.

அவளுக்குச் சரியான பாட்டு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று அவர் தீர்மானித்தார். அன்று சாயங்காலமே கூடத்தில் குடும்பக் கூட்டம் போட்டார். வாலுவைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பியாயிற்று.

"கார்ட்டூன் பாட்டுலயே பெஸ்ட்டு பாட்டு எது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. அதைப் போட்டா அவ ஆடாம அசையாம உக்காரணும்."

"எது சீக்கிரம் முடியுதோ அது" என்றாள் மனைவி.

"திமிங்கிலத் தாலாட்டுதாம்பா" என்றாள் மகள். "அதைக் கேட்டா எனக்கு இப்பவும் அழுகை வரும்."

"நீ அழறது எதுக்கு? அவ அழாம இருக்கணும். எறும்பு ரயிலுக்கு மிஞ்சின பாட்டு உலகத்துலயே கிடையாது."

"அதுல ஒரே கூச்சல்ப்பா. பாட்டுன்னா மனசைத் தொடணும்."

"எனக்குத் தலையைத் தொட்டாப் போதும்."

வாதம் சூடு பிடித்தது. மகள் திமிங்கிலத்தை விடவில்லை, அப்பா எறும்பை விடவில்லை. நடுவில் மனைவி குடைகளுக்கு வக்காலத்து வாங்கினாள். கடைசியில் மாமா, மூட்டை கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு எது பிடிக்கும்?"

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "எல்லாமே நல்ல பாட்டுதான் மாமா" என்று கயிற்றை இறுக்கப் போய்விட்டார். இந்த ஆளிடம் போய்க் கேட்டேனே என்று மாமாவுக்குத் தோன்றியது. பேத்தியை அழைத்துக்கொண்டு போகப்போகிறவர் என்ற கோபமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்.

ரயிலுக்கு முந்தின நாள் கடைக்கு விடுமுறை விட்டார். கதவைப் பாதி சாத்தி, குடும்பத்தை உள்ளே உட்கார வைத்து, புதிதாகச் சாணை பிடித்த கத்தரியைத் துண்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டார். வாலு சிவப்புக் காரில் ஏறிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

எறும்பு ரயில் புறப்பட்டது. கூடவே வாலுவும் புறப்பட்டாள். காரிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் சக்கரமாகச் சுற்றிக்கொண்டு, கடையை வலம்வந்தாள். குடைகள் ஆடியபோது கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு சுழன்றாள். திமிங்கிலம் தாலாட்டியபோது தானே திமிங்கிலமாகித் தரையில் படுத்து நீந்தினாள்.

"யாரு இதெல்லாம் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றார் மாமா.

"வேற யாரு? தெனமும் கடையை மூடிட்டு வந்து, ஆடு ஆடுன்னு நீங்கதானே ஆட வச்சீங்க!" என்றாள் மனைவி.

மறுபடி தூக்கிக் காரில் உட்காரவைத்து, நிலாவுக்கு ஏணி போட்டார்கள். மோவாய் உயர்ந்தது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு துண்டை விலக்கினார். கண்ணாடியில் கத்தரி மின்னியதுதான் தாமதம், வாலு நழுவி நாற்காலிக்கு அடியில் போய்விட்டாள். தலைமேல் இரண்டு கை. உதடு துடித்தது.

மாமாவின் கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. கத்தரியை மேலே வைத்துவிட்டு, முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து, நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"கத்தரின்னா பயமா கண்ணு?"

"இல்ல."

"வலிக்கும்னு நெனச்சியா?"

"இல்ல."

"பின்னே ஏன்டா?"

வாலு ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டி, அவருடைய வழுக்கைத் தலையைத் தடவினாள்.

"நீங்க வெட்டினா திரும்பி வராதே தாத்தா."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஊரையே சிரிக்கவைத்த நகைச்சுவைக்கு முதல்முறையாக மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடடா! அது தாத்தா சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுடா."

"தாத்தா பொய் சொல்ல மாட்டாங்க. அம்மாதான் சொன்னாங்க."

மாமா மகளைப் பார்த்தார். "நல்லதுதானேன்னு சொல்லி வச்சேன்பா" என்றாள் அவள். பிறகு அவளும் குனிந்து, "இங்க பாரு, அம்மா முடிகூட வெட்டினதுதான். வளர்ந்திருக்கு பாரு" என்றாள்.

"உனக்குத் தாத்தா வெட்டலையே. பார்லர் ஆன்ட்டிதானே வெட்டினாங்க."

"அப்ப கடைக்கு வர்ற அண்ணனுங்க, அக்காங்க எல்லாம்?" என்று கேட்டார் மாமா.

"அவங்களுக்கும் போயிடும்" என்றாள் வாலு, ரொம்ப வருத்தத்தோடு. "தாத்தாவுக்கும் சின்னப் பையனா இருந்தப்ப முடி இருந்துச்சே. போட்டோல பார்த்தேன்."

பிள்ளையின் வாதத்தில் ஓட்டை இல்லை. மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, அந்த மயில் பாட்டைப் போடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அது எல்லாம் கொட்டிப்போற பாட்டு. இருக்கிற பயம் போதாதா?"

"நீங்க அதைக் கடைசி வரைக்கும் பார்த்திருக்கீங்களா?"

கடைசி வரைக்கும் என்ன, ஆரம்பத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் திரும்பின தலைகளும் அந்தப் படிக்கட்டும்தான்.

அதற்குள் மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துப் பாட்டைத் தேடிப் பிடித்திருந்தார். "முரசுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிற இடம் ஒண்ணு வரும் மாமா. ரொம்ப நல்லா இருக்கும். சின்ன வயசுல என் தங்கச்சியோட தியேட்டர்ல பார்த்தேன். எனக்குப் பிடிச்ச பாட்டே இதுதான்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"அன்னிக்குக் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அதுக்குக் கடைசி இடம்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களே மாமா."

எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். வாலு நாற்காலிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து தாத்தா மடியில் ஏறிக்கொண்டாள். பாட்டு மாமா தன் கடையில், கையில் கத்தரி இல்லாமல், கண்ணைத் திரையில் வைத்து ஒரு பாட்டைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மயில் கண்ணாடி முன்னால் நின்று தன் தோகையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாத குறையாகப் பெருமையடித்தது. இறகுகள் உதிர ஆரம்பித்தன. வாலு சட்டென்று தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். தான் திரும்பிப் பார்த்தது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. வெட்கப்பட்ட மயில் ஊர்வலத்தின் பெரிய முரசுக்குள் போய் ஒளிந்துகொண்டது. திரை இருட்டாகிவிட்டது. வாத்தியங்கள் நின்றன. இருட்டுக்குள் மயில் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கடைக்குள் ஒரு ஆள் அசையவில்லை. அப்புறம் முரசின் ஓட்டை வழியாக ஒரே ஒரு சின்ன இறகு எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று. முரசு வெடித்துத் தோகை விரிந்தபோது மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட பாட்டையா கடைசியில் உட்காரவைத்தோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் வாலு. "தாத்தா, எல்லாம் வந்துடுச்சு!"

"வந்துடுச்சு கண்ணு. முடியும் அப்படித்தான், வளரும்."

"அப்ப உங்களுக்கு?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இன்னொரு வேடிக்கையைச் சொல்லி அவர் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"தாத்தாவுக்கு வயசாயிடுச்சுடா. அதனால கொட்டிப்போச்சு, இனிமே வராது. கத்தரி ஒண்ணும் பண்ணல. வெட்டினதால போச்சுன்னு சொன்னேன் பாரு, அது பொய்."

வாலு அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இனிமே சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

அவளே எழுந்து போய்ச் சிவப்புக் காரில் ஏறினாள். "மயில் பாட்டு மறுபடி போடுங்க."

மாமா கத்தரியை எடுத்தார். ஆனால் பாட்டு ஓடும்போது கை வைக்க முடியவில்லை. அவளோ ஆடினாள், திரும்பினாள், பின்னால் தடவிப் பார்த்தாள். முரசு இருட்டானதும் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லாகிவிட்டாள். அந்த இருட்டில் கத்தரி இரண்டு வாய் நறுக்கியது, அதற்குள் இறகு எட்டிப் பார்த்துவிட்டது. மாமா நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, ரிமோட்டைத் தட்டி மயிலை மறுபடி முரசுக்குள் அனுப்பினார்.

அப்படியே நடந்தது. மயில் ஒளிந்தால் கத்தரி பேசும். மயில் வெளியே வந்தால் கத்தரி வாயை மூடிக்கொள்ளும். மாமாவும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் புருவத்தைத் தூக்கினால் இவர் பாட்டைத் தள்ளுவார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரோடு இவ்வளவு நன்றாகப் பேசியதே இல்லை என்று மாமாவுக்குப் பட்டது. அவர் ஆயுளிலேயே அதிக நேரம் பிடித்த முடிவெட்டும் அதுதான். முடிந்ததும் வாலு கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்து, "எனக்குக் கண்ணு இருக்கு!" என்றாள்.

மறுநாள் ரயிலடியில் எல்லோரும் அழுதார்கள். வாலு மட்டும் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து, பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் மயில் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள்.

வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கடையில் மயில் பாட்டு இப்போது முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அதைப் போட்டால் வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கிறது. முரசு இருட்டாகும் வரைக்கும் மாமா கத்தரியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து தானும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "முடி வெட்டக் கூட்டிட்டு வந்தோமா, சினிமாவுக்குக் கூட்டிட்டு வந்தோமா?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்கிறார். வழுக்கை நகைச்சுவையை மாமா அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் அவர் தலையை உற்றுப் பார்த்தால், வயசாயிடுச்சுப்பா என்கிறார்.

சாயங்காலம் ஆனால் மகளிடமிருந்து வீடியோ கால் வரும். வாலு முதலில் அவரைக் குனியச் சொல்லித் தலையைப் பரிசோதிப்பாள். "இன்னும் வரல" என்று அறிவிப்பாள். வராது என்று ஒப்புக்கொண்டாயிற்று, இருந்தாலும் எதற்கும் பார்த்துவிடுவது அவள் வழக்கம். பிறகு முரசுக்கு முந்தின அடியிலிருந்து பாட்டைப் பாடுவாள். குரலில் அவள் தாத்தாவையே கொண்டிருந்தாள்.

ஒருநாள் குனியச் சொல்லவில்லை. முகம் முழுக்க முடியோடு திரைக்குள் வந்து நின்றாள்.

"தாத்தா, வளர்ந்துடுச்சு! கண்ணுல விழுது."

"நெசமாவா! அங்க பக்கத்துல கடை இருக்குன்னு அம்மா சொன்னாங்களே கண்ணு."

"அந்த அங்கிள் கூப்பிட்டாங்க. வேற யாரும் தொடக் கூடாது, எங்க தாத்தா வருவாங்கன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்து, "தாத்தா பொய் சொல்ல மாட்டாங்க, வருவாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு மாமா எழுந்து கடைக்குப் போய், கத்தரியையும் சீப்பையும் கழுத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி அதற்குள் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அவருடைய சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.